சினைப்பைக் கட்டிகள்: அஞ்ச வேண்டியவையும் அஞ்ச வேண்டாதவையும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டிடம் முதலியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றைக் கொண்டு வாழ வேண்டிய மக்களின் உடல்நலம் குன்றுமாயின், அவற்றால் விளையும் பயனும் குன்றிவிடும். நாற்று நடுவது, களை எடுப்பது, மாடு கறப்பது, பிள்ளைகளைப் பேணுவது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பை நம்பியே நடைபெறுகின்றன. அப்பெண்களுக்கு வரும் நோய்களுள் சிலவற்றைப் பற்றி நாம் வாய் திறந்து பேசுவதில்லை. பேசாததனால் நோய் மறைந்துவிடுவதில்லை. முற்றிய பின்னர் வெளிப்படுகிறது.

அவற்றுள் ஒன்று சினைப்பையில் தோன்றும் கட்டி. இதைக் குறித்து நம் கிராமங்களில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. "கட்டி" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே புற்றுநோய் என்று அஞ்சி, நகையையோ நிலத்தையோ அடகு வைத்து, தேவையில்லாத அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவது ஒன்று. வயிறு பெருத்து வலி கண்ட பின்னும், வெட்கத்தினாலும் வேலைப் பளுவினாலும் மருத்துவரிடம் செல்லாது மறைத்து வைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் அறியாமை என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எனவே, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இந்நோயின் தன்மையைத் தெளிவாக அறிந்து கொள்வது நலம்.

சினைப்பை என்பது யாது?

கால்நடை வளர்ப்போருக்குச் சினை என்ற சொல் புதிதன்று. பசுவின் சினைப்பையைப் பற்றிக் கால்நடை மருத்துவர் கூறுவதைப் பலரும் கேட்டிருப்பர். பெண்களுக்கும் கருப்பையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுள்ளது. தோலுடன் கூடிய பெரிய வாதுமைக் கொட்டையின் அளவினது எனலாம். கருமுட்டையை வெளியிடுவதும், பெண்மைக்குரிய சுரப்புநீர்களைச் சுரப்பதும் இதன் இரு பணிகளாகும்.

மாதந்தோறும் சினைப்பையில் ஒரு சிறு நீர்க்கொப்புளம் வளர்கிறது. அதனுள்ளே முட்டை இருக்கிறது. கொப்புளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவை எட்டியதும் வெடித்து முட்டை வெளியேறுகிறது. பின்னர் அக்கொப்புளம் சுருங்கி மறைகிறது. இது நோயன்று, இயற்கையின் ஒழுங்கு. இதனை மனத்தில் இருத்திக் கொண்டால், பின்னே கூறப்படுவன எளிதில் விளங்கும்.

தீங்கற்ற கட்டியும் புற்றும்

வரப்புக்குள் ஓரிடத்தில் முளைத்துப் பெருகும் புதரையும், மண்ணுக்கடியில் ஓடி வயல் முழுவதும் பரவும் கோரையையும் விவசாயிகள் நன்கு அறிவர். புதர் எவ்வளவு பெரிதாயினும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அடியோடு வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. கோரையோ ஓரிடத்தில் களைந்தாலும் வேறோரிடத்தில் தலைகாட்டும். தீங்கற்ற கட்டி புதரைப் போன்றது. அது பக்கத்து உறுப்புகளைத் துளைத்துச் செல்வதில்லை. இரத்தத்தின் வழியே உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதுமில்லை. புற்று கோரையைப் போன்றது.

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குச் சினைப்பையில் காணப்படும் கட்டிகளுள் மிகப் பெரும்பான்மையானவை தீங்கற்றவையே. இந்த ஒரு செய்தியை மட்டுமேனும் ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருப்பின், பாதி அச்சம் நீங்கிவிடும். தீங்கற்றது என்பதனால் கவனிக்க வேண்டுவதில்லை என்று பொருளாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

கட்டிகளின் வகைகள்

முதல் வகை, மாதவிடாய்ச் சுழற்சியினால் தோன்றும் நீர்க்கட்டி. மேலே கூறிய கொப்புளம் உரிய காலத்தில் வெடிக்காமல் நீர் கோத்துப் பெருப்பதனாலோ, வெடித்த பின் சுருங்காமல் நீரோ இரத்தமோ தேங்குவதனாலோ இது உண்டாகிறது. மருந்தின்றியே இரண்டு மூன்று மாதவிடாய்க் காலங்களுக்குள் இது பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

இரண்டாம் வகை, டெர்மாய்டு எனப்படும் கட்டி. இளம் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதனுள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும். சிலவற்றில் பல்லும் எலும்பும் கூட இருப்பதுண்டு. அறுவையில் எடுத்த கட்டியில் முடியைக் கண்டவுடன் செய்வினை என்றும், மணமாகாத பெண்ணாயின் வேறு விதமாகவும் பேசுவோர் உளர். இஃது அறியாமை. முட்டையாக வேண்டிய உயிரணு ஒன்று, ஆணின் தொடர்பு ஏதுமின்றித் தானாகவே பெருகித் தோலாகவும் முடியாகவும் பல்லாகவும் வளர்வதே இதற்குக் காரணம். பிறந்தது முதல் உடலில் உள்ள உயிரணுவே இவ்வாறு மாறுவதனால், சிறுமியருக்கும் இது வரலாம். பத்தில் ஒரு பங்கினருக்கு இருபுறத்துச் சினைப்பைகளிலும் இது தோன்றுகிறது.

மூன்றாம் வகை, சினைப்பையின் மேற்படலத்திலிருந்து வளரும் கட்டிகள். இவற்றுள் சில தெளிந்த நீரால் நிரம்பியவை; சில கோழை போன்ற குழம்பால் நிரம்பியவை. குழம்புக் கட்டிகள் பல அறைகளாகப் பிரிந்து, வயிறு முழுவதையும் அடைத்துக் கொள்ளும் அளவுக்குப் பெருகுவதுண்டு. இவை தானாக மறைவதில்லை.

நான்காம் வகை, நாரால் ஆன திண்மையான கட்டி. இது பெரும்பாலும் நடுத்தர வயதிலும் அதற்குப் பின்னரும் காணப்படும். சிலருக்கு இக்கட்டியுடன் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் சேர்ந்து, புற்றுநோயோ என்று ஐயுறச் செய்யும். கட்டியை அகற்றியதும் அந்நீரும் வற்றிவிடும்.

ஐந்தாவது, சாக்லேட் கட்டி என்று மருத்துவர்கள் கூறுவது. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, மாதந்தோறும் அங்குக் கசியும் இரத்தம் தேங்கிப் பழுப்பு நிறமடைவதனால் இப்பெயர் பெற்றது. மாதவிடாயின் போது தாங்கொணா வலியும், சிலருக்கு மகப்பேற்றுத் தடையும் இதன் விளைவுகளாகும்.

இங்கு ஒரு குழப்பத்தையும் நீக்குதல் வேண்டும். "பி.சி.ஓ.எஸ்." எனப்படும் நிலையையும் மக்கள் நீர்க்கட்டி என்றே வழங்குகின்றனர். அது உண்மையில் கட்டியன்று. சுரப்புநீர்களின் ஏற்றத்தாழ்வினால் முட்டைகள் முழு வளர்ச்சி பெறாமல், சிறு சிறு கொப்புளங்களாகச் சினைப்பையில் நின்றுவிடும் நிலை அது. உடல் எடையைச் சீராக வைத்தல், உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் அதனைக் கட்டுப்படுத்தலாம். அக்கொப்புளங்களைக் கட்டியென்று கருதி வெட்டியெடுக்க வேண்டுவதில்லை.

அறிகுறிகள்

பெரும்பாலான கட்டிகள் யாதொரு அறிகுறியும் காட்டுவதில்லை. வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவருகின்றன. கட்டி பெரிதாகும்போது அடிவயிற்றில் கனமும் மந்தமான வலியும் தோன்றும். சிறிதளவு உண்டவுடனே வயிறு நிரம்பியது போலிருக்கும். மூத்திரப்பை அழுத்தப்படுவதனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். மலச்சிக்கல் வரலாம். சேலைக்கட்டு இறுகுவதைக் கொண்டே பல பெண்கள் முதன்முதலாக இதனை உணர்கின்றனர். உடல் மெலியும்போதும் வயிறு மட்டும் பெருப்பதைக் "கொழுப்பு" என்றோ "வாயு" என்றோ விட்டுவிடலாகாது.

உயிருக்கு ஆபத்தான முறுக்கம்

தீங்கற்ற கட்டியையும் கவனிக்க வேண்டும் என்று மேலே கூறியதன் காரணம் இதுவே. கிளையில் தொங்கும் காய் காற்றில் சுழன்றால் அதன் காம்பு முறுக்கிக் கொள்கிறதன்றோ? அவ்வாறே கனத்த கட்டியோடு கூடிய சினைப்பையும் தன் காம்பில் முறுக்கிக் கொள்ளக்கூடும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளுக்கு, சிறப்பாக டெர்மாய்டு கட்டிகளுக்கு, இவ்வாபத்து மிகுதி. கர்ப்பிணிகளுக்கும் இது நேரலாம். காம்பு முறுக்கினால் சினைப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படும்.

திடீரென்று அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடுமையான வலியும், அதனுடன் குமட்டலும் வாந்தியும் தோன்றுவது இதன் அடையாளம். இத்தருணத்தில் குடலேற்றம் என்று எண்ணி எண்ணெய் தடவி வயிற்றை உருவுவதும், மாத்திரை வாங்கிக் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதும் பெருந்தீங்கு. 108 எண்ணுக்குத் தெரிவித்து, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். வழியில் உணவு கொடுத்தல் கூடாது. மயக்க மருந்து கொடுப்பதற்கு அது இடையூறாகும். விரைவில் முறுக்கை அவிழ்த்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்ற இயலும். தாமதித்தால் அதனை இழக்க நேரிடும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு இத்தகைய வலி வருமாயின், கரு கருப்பைக்கு வெளியே தங்கியதன் அறிகுறியாகவும் அஃது இருக்கலாம். அதுவும் உடனடிச் சிகிச்சைக்கு உரியதே.

கண்டறியும் முறை

மருத்துவர் முதலில் வயிற்றைச் சோதித்துப் பார்ப்பார். அடுத்தது ஸ்கேன். இஃது ஒலியலைகளைக் கொண்டு செய்யப்படுவது, இதில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு, முன்னரே தண்ணீர் பருகி மூத்திரப்பையை நிரப்பிக் கொள்ள வேண்டும். கட்டியின் அளவு, உள்ளிருப்பது நீரா திண்மமா, உள்ளே தடுப்புகள் உளவா, வயிற்றில் நீர் சேர்ந்துள்ளதா ஆகியவற்றை ஸ்கேன் காட்டும்.

சி.ஏ. 125 என்ற இரத்தச் சோதனையும் சிலருக்குத் தேவைப்படும். இதன் அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு உடனே கலங்குதல் வேண்டா. மாதவிடாய்க் காலத்திலும், கர்ப்பத்திலும், சாக்லேட் கட்டியிலும், வயிற்றுக் காசநோயிலும் கூட இவ்வளவு உயரக்கூடும். ஆகவே, இந்த ஒரு சோதனையை மட்டும் கொண்டு புற்றென்று முடிவு செய்வதில்லை.

காத்திருத்தலும் சிகிச்சையே

மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, தெளிந்த நீர் மட்டுமே உள்ள, தடுப்புகளற்ற கட்டி 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பின், பெரும்பாலும் எவ்விதச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை உள்ளதை மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர். மறையாதிருந்தால் ஆண்டுக்கொரு முறை கண்காணிப்பர். 7 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாயின் மேலும் சோதனை செய்வதோ, அறுவை செய்வதோ வழக்கம்.

வீடு கட்டும் திட்டம் தொடர்பாக எம் அலுவலகத்திற்கு வந்த விவசாயி ஒருவர், தம் பத்தொன்பது வயது மகளுக்கு 4 சென்டிமீட்டர் நீர்க்கட்டி இருப்பதாகவும், மூன்று நாட்களுக்குள் அறுவை செய்யாவிடில் ஆபத்து என்று நகரத்தில் ஓரிடத்தில் கூறியதாகவும் சொல்லி வருந்தினார். கறவை மாடுகள் இரண்டையும் விற்பதற்கு முன்பணமும் வாங்கிவிட்டார். "மாட்டை விற்றாவது பிள்ளையைப் பிழைக்க வைக்க வேண்டுமல்லவா, ஐயா?" என்று கேட்டார். பெண்ணுக்குக் கடும் வலியோ வாந்தியோ இல்லை என்பதனைக் கேட்டறிந்து, மறுநாளே அரசு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் காட்டுமாறு கூறினேன். அங்கிருந்த மருத்துவர் அம்மையார் சோதித்து, இது தானே கரையக்கூடியது என்று விளக்கி, வலி வந்தால் உடனே வர வேண்டுமென்று எச்சரித்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. மாடுகளும் அவர் தொழுவத்திலேயே நின்றன.

எல்லாக் கட்டிகளும் இவ்வாறே கரையும் என்று இதனால் கொள்ளுதல் கூடாது. காத்திருக்கலாமா, கூடாதா என்பதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் குறித்த நாளில் தவறாது மீண்டும் செல்வதும் இச்சிகிச்சையின் பகுதியே. வயல் வேலையைக் காரணம் காட்டி இரண்டாம் ஸ்கேனைத் தவிர்ப்பது, விதைத்துவிட்டுப் பயிரைப் பார்க்காமல் விடுவதை ஒக்கும்.

அறுவைச் சிகிச்சை

மறையாத கட்டி, வளர்ந்து வரும் கட்டி, வலி தரும் கட்டி, ஐயத்திற்கிடமான கட்டி ஆகியவற்றை அகற்றுதல் நலம். வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்வது ஒன்று. வயிற்றைத் திறந்து செய்வது மற்றொன்று. இளம் பெண்களுக்கு இயன்றவரை கட்டியை மட்டும் உரித்தெடுத்து, சினைப்பையைக் காப்பாற்றுவர். ஒரு சினைப்பையை முழுதும் எடுக்க நேர்ந்தாலும், மற்றொன்று நலமாக இருப்பின் மாதவிடாயும் மகப்பேறும் தடைப்படுவதில்லை. இதனை அறியாமல் பெண்ணின் திருமணத்தை நிறுத்துவதும், மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும் கொடுமையாகும்.

இச்சிகிச்சையின் வரலாறு நமக்குத் துணிவூட்டக்கூடியது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிறு பெருத்திருந்தது. பேறுகாலம் கடந்த கர்ப்பம் என்றே அங்கிருந்தோர் கருதினர். எப்ராயிம் மெக்டவல் என்ற மருத்துவர் சோதித்து, அது சினைப்பைக் கட்டி என்று கண்டார். அப்பெண்மணி 60 மைல் தூரம் குதிரையில் பயணம் செய்து டான்வில் என்னும் ஊரிலிருந்த அவர் இல்லத்தை அடைந்தார். மயக்க மருந்தின் பயன் உலகறிய நிறுவப்பட்டது 1846-ஆம் ஆண்டில்தான். ஆதலின் மயக்கமின்றியே அறுவை நடந்தது. ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. 25 நாட்களில் அவர் ஊர் திரும்பினார். 1842 வரை உயிர் வாழ்ந்தார். மயக்க மருந்தும் தூய்மை முறைகளும் இரத்த சேமிப்பும் உள்ள இக்காலத்தில் நாம் அஞ்சி ஒதுங்குவது பொருந்துமா?

அறுவைக்கு முன்னர் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும். எதை எடுக்கப் போகிறார்கள்: கட்டியை மட்டுமா, சினைப்பையையுமா, கருப்பையையுமா? ஏன்? காத்திருந்தால் என்ன ஆகும்? தேவையின்றி இரு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால், மாதவிடாய் திடீரென நின்று, எலும்பு வலுவிழக்கும். இதய நோயும் எளிதில் அணுகும். வட மாநிலங்கள் சிலவற்றில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை நீக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் இதனைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டுமென 2023 ஏப்ரலில் அந்நீதிமன்றம் பணித்தது. ஆகவே, விளக்கம் கேட்பது மருத்துவரை அவமதிப்பதன்று. அது நோயாளியின் உரிமை.

அகற்றிய கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவர். தீங்கற்றது என்பதனை இறுதியாக உறுதி செய்வது அச்சோதனையே. அதன் அறிக்கையைப் பெற்று, நிலப் பத்திரத்தைப் போலப் பாதுகாத்தல் வேண்டும்.

மாதவிடாய் நின்ற பின்னர்

மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கும் தீங்கற்ற கட்டிகள் வருவதுண்டு. ஆயினும், அவ்வயதில் புற்றாக இருப்பதற்கான வாய்ப்பு கூடுவதனால் மிகுந்த கவனம் தேவை. வயிற்று உப்பசம், பசியின்மை, எடை குறைதல், மாதவிடாய் நின்ற பின் மீண்டும் உதிரம் படுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருப்பின், அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். "இந்த வயதில் எனக்கு என்ன வைத்தியம்?" என்று ஒதுங்கும் பாட்டிமாரை, வீட்டிலுள்ளோர் வற்புறுத்தியாவது அழைத்துச் செல்வது கடமை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ அழைத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் இது குறித்துப் பேசச் செய்யலாம். பெண்கள் மட்டும் கூடும் இடத்தில் அவர்கள் தயக்கமின்றி வினவுவர்.

இரண்டாவதாக, இரவு நேரத்தில் நோயாளியைக் கொண்டு செல்வதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வண்டி எந்தத் தெரு வரை வரும், அதற்கு அப்பால் எவர் வண்டி கொடுப்பார், துணைக்குச் செல்லும் பெண் யார் என்பன ஊரார் அறிந்திருக்க வேண்டுவன.

மூன்றாவதாக, அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைகளும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைப்பதனை எடுத்துரைக்க வேண்டும். தகுதியுள்ள குடும்பங்கள் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பெற உதவ வேண்டும். கடன் வாங்குவதற்கு முன்னர் அரசு மருத்துவமனையை நாடுவது என்ற வழக்கம் ஊரில் நிலைபெறுமாயின், பல குடும்பங்களின் நிலமும் நகையும் நிலைக்கும்.

நான்காவதும் மிக முக்கியமானதும் ஒன்றுண்டு. மணமாகாத பெண்ணுக்கோ கைம்பெண்ணுக்கோ வயிறு பெருத்தால், ஊரின் நாக்கு மருத்துவரை முந்திக் கொள்கிறது. அப்பழிச் சொல்லுக்கு அஞ்சியே அப்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கி, நோயை முற்றவிடுகின்றனர். உள்ளாட்சி அமைப்புகளில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள நம் மாநிலத்தில், பெண் உறுப்பினர்கள் இவ்விடத்தில் முன்வந்து, அப்பெண்ணின் கையைப் பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்களாயின், அதனினும் சிறந்த பொதுத்தொண்டு பிறிதொன்றில்லை.

ஆண்களுக்கும் ஒரு சொல். பம்ப் செட்டில் ஓசை மாறினால் அன்றைக்கே மெக்கானிக்கை அழைக்கிறோம்; மாடு தீனி எடுக்காவிடில் அன்றைக்கே கால்நடை மருத்துவரைத் தேடுகிறோம். மனைவியோ மகளோ தாயோ அடிவயிறு கனக்கிறது என்றால், அறுவடை முடியட்டும் என்று ஒத்திப் போடுதல் முறையாகுமா? ஒரு நாள் கூலி போனாலும் உடன் சென்று வருதல் வேண்டும். கட்டி பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். அஃது அவ்வாறு தீங்கற்றது என்பதனை உறுதிப்படுத்திக் கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவதற்காகவேனும், மருத்துவரிடம் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் வேரூன்ற வேண்டும்.